அங் மோ கியோவிலிருந்து காலாங் வரை சைக்கிளில்

2018இல் சிங்கப்பூரில் எங்கள் அலுவலகம் காலாங் பாருவுக்கு மாறியது. வீடு அங் மோ கியோவில். சைக்கிளில் போய்த்தான் பார்ப்போமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குக் கிளம்பினேன்.

பீஷான் பூங்கா வழியே இறங்கி, காலாங் ஆற்றோரமாகப் பூங்காக்களை இணைக்கும் நடை, சைக்கிள் பாதையைப் பிடித்ததும் கார் சத்தமே இல்லை. சிங்கப்பூரில் இவ்வளவு நீளமான வெற்றுத் துண்டு நிலம் எப்படித் தப்பியது என்று யோசித்தேன். பிறகு படித்ததில் புரிந்தது: ஆறு ஓடும் கால்வாயைப் பராமரிக்க இரு கரையிலும் ஒதுக்கிவைத்த நிலம் அது, கட்டடம் எழும்ப முடியாது. 1990களின் தொடக்கத்தில் அந்தக் கரைகளையே பாதையாக்கிப் பூங்காக்களைக் கோக்கத் தொடங்கினார்கள். முதலில் போட்டவற்றில் ஒன்றுதான் இந்தக் காலாங் பாதை.

அப்போது சிக்கல் பெரிய சாலைகளைக் கடக்கும் இடங்களில்தான். ஆறு சாலைப் பாலத்துக்குக் கீழே போய்விடும், நாம் போக முடியாது. தீவு விரைவுச்சாலையில் நடைமேம்பாலத்தின் மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினேன். நடுவில் எதிரே ஒரு பாட்டி தள்ளுவண்டியோடு வர, சைக்கிளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் ஒட்டி நின்றேன். அப்புறம் சிராங்கூன் சாலை, காலாங் பாரு சாலை, இரண்டிலும் சிக்னல். அன்று போய்ச்சேர 55 நிமிடம். அதில் எவ்வளவு நேரம் மிதித்தேன், எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்காதீர்கள்.

பழகப் பழக நேரம் குறைந்தது. வேகமாக மிதித்ததால் அல்ல, 6.40க்கே கிளம்பியதால். மழைக்காலத்துக்கு மடக்கு சைக்கிள் வாங்கினேன். மடக்கியபின் 120 x 70 x 40 செ.மீ.க்குள் இருந்தால் எம்ஆர்டி ரயிலில் ஏற்றலாம், கடையிலேயே டேப் வைத்து அளந்துவிட்டேன்.

நான் மூச்சு வாங்கிய அதே இடங்கள் நகர மறுசீரமைப்பு ஆணையம் 2017இல் மக்கள் கருத்துக்கு வைத்த திட்டத்தில் வரிசையாக இருந்தன: விரைவுச்சாலைக்கு மேல் சைக்கிள் பாலம், சிராங்கூன் சாலை, காலாங் பாரு, சிம்ஸ் அவென்யூவில் சுரங்கப்பாதைகள். கரை முன்பே கையில் இருந்ததால், அவர்கள் யோசிக்க வேண்டியிருந்தது அந்தச் சில இடங்களை மட்டும்தான்.

எவ்வளவு நேரமாகும் என்று யாராவது கேட்டால் நான் இப்போது நிமிடக் கணக்கு சொல்வதில்லை. எத்தனை தடவை இறங்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.