சர்வர் பதில் சொல்லும் வரை

மார்ச் 3, செவ்வாய்
இன்றைக்கும் அதே பிரச்சினைதான். எங்கள் வேலைப் பட்டியல் செயலியில் டிக் போட்டாலும் கருத்து எழுதினாலும், சர்வர் பதில் சொல்லும் முன்பே வெற்றி என்று திரையில் காட்டிவிடுகிறோம்; சர்வர் மறுத்தால் பின்வாங்க வேண்டும். நெட்வொர்க்கை வேண்டுமென்றே மெதுவாக்கி வைத்து, பட்டியலில் முதல் வேலைக்கு டிக் போட்டேன். அதற்குப் பதில் வருவதற்குள் இரண்டாவதற்கும் போட்டேன். முதலாவதை சர்வர் மறுத்தது, காட்டியதைப் பின்வாங்கும் ரோல்பேக் ஓடியது, இரண்டு டிக்கும் காணாமல் போயின. இரண்டாவதை சர்வர் ஏற்றுக்கொண்டிருந்தது!

மார்ச் 4, புதன்
காரணம் ஸ்னாப்ஷாட், அதாவது ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் எடுத்து வைக்கும் நிலையின் நகல். முதல் டிக்குக்கு முன் எடுத்த நிலையை அப்படியே திரும்ப வைத்தால், அதற்குப் பின் நடந்ததெல்லாம் அழியத்தானே செய்யும்? இதன் மறுபக்கம் இன்னும் மோசம். இரண்டாவதும் தோற்றால், அதன் ஸ்னாப்ஷாட்டில் முதல் டிக் இருக்கிறது. சர்வர் மறுத்த ஒன்று, முடிந்துவிட்டதாகத் திரையில் வந்து நிற்கிறது. உலாவியில் வைத்திருக்கும் பட்டியலின் நகலான கேஷைத் தொடும் முன், பட்டியலை சர்வரிடம் மறுபடி வாங்க ஓடிக்கொண்டிருக்கும் ரீஃபெட்சை நிறுத்துவது, முடிந்ததும் புதிதாகக் கேட்பது எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஆனால் அந்தப் புதிய பதில் வரும்வரை திரை பொய் சொல்கிறது. அதை நம்பி ஒருவர் எழுந்து போய்விடலாம்.

மார்ச் 5, வியாழன்
உலாவியிலிருந்து சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் ஃபெட்ச், சர்வரில் பிழை என்று சொல்லும் 500 வந்தாலும் பிழை எறியாது. வந்த பதில் வெற்றியா என்று சொல்லும் ரெஸ்பான்ஸின் ஓகே-வைப் பார்க்காத இடங்களில் ரோல்பேக் ஓடவே ஓடாது. எல்லாவற்றையும் தேட வேண்டும்.

மார்ச் 6, வெள்ளி
பிடிபட்டது! சர்வர் கடைசியாகச் சொன்னதைத் தனியே வைக்க வேண்டும். பதில் வராத மாற்றங்களை வரிசையாக இன்னொரு பக்கம் வைக்க வேண்டும். அதன் மேல் இதைப் போட்டுக் கணக்கிட்டால் வருவதுதான் திரை. ஒன்று தோற்றால் வரிசையிலிருந்து அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு மறுபடி கணக்கிட்டால் போதும், மற்றவை அசையாது. திரைகளைக் கட்ட உதவும் ரியாக்ட் நூலகத்தில், 2024 டிசம்பரில் வந்த 19-ஆம் பதிப்பின் யூஸ்ஆப்டிமிஸ்டிக்கும் அடிப்படை நிலையைத் தொடாமல் அதன் மேல்தான் போட்டுக் காட்டுகிறது. மாலையில் அதே இரண்டு டிக்கைப் போட்டுப் பார்த்தேன். முதலாவது மட்டும் அவிழ்ந்தது. அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 8, ஞாயிறு
தூக்கமில்லை. பதிலே வராவிட்டால்?

மார்ச் 9, திங்கள்
மறுப்பு வந்தால் பின்வாங்கலாம். நேரம் கடந்துவிட்டால் என்ன செய்வது? கோரிக்கை போய்ச் சேரவில்லையா, இல்லை சேர்ந்து பதில் மட்டும் வழியில் தொலைந்ததா? இங்கிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அபார்ட் செய்து கோரிக்கையைக் கைவிட்டாலும் காத்திருப்பதைத்தான் நிறுத்துகிறோம், சர்வர் பாட்டுக்கு வேலையை முடித்துவிடலாம். நாம் பின்வாங்கிக் காட்டினால் பயனர் மறுபடி அழுத்துவார், ஒரே கருத்து இரண்டு முறை பதிவாகும். அதனால் அழுத்தும்போதே உலாவியில் ஒரு சாவி, அதாவது அந்தக் கோரிக்கைக்கு மட்டுமான அடையாளம், உருவாக்கி, மறுமுயற்சிகளுக்கும் அதையே அனுப்ப வேண்டும். ஏற்கெனவே பார்த்த சாவி என்றால் சர்வர் பழைய பதிலையே தரட்டும். அதுவரை திரையில் ‘அனுப்புகிறது’ என்றே இருக்கட்டும். பணம் சம்பந்தப்பட்ட பட்டனுக்கு இந்த முன்கூட்டிய வெற்றியே வேண்டாம், காத்திருக்க வைப்பதுதான் மரியாதை.

மார்ச் 10, செவ்வாய்
சர்வர் இப்போதைக்குத் தயாராக இல்லை என்னும் 503 என்றால் கொஞ்சம் விட்டு மறுபடி முயலலாம். சர்வரில் இருக்கும் நிலையோடு மோதுகிறது என்னும் 409 என்றால் எத்தனை முறை அனுப்பினாலும் அதே பதில்தான், ஆளிடம்தான் கேட்க வேண்டும்.

மார்ச் 11, புதன்
எழுதியதை அழிக்கக் கூடாது. டிக் அவிழ்ந்தால் மறுபடி போட ஒரு நொடி ஆகும். ஒருவர் யோசித்து யோசித்து எழுதிய நாலு பத்தி, ‘ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்ற ஒரு வரியோடு மறைந்தால்? அந்த வரியைப் பார்த்தாலே கோபம் வருகிறது. எது தவறியது, இப்போது என்ன செய்யலாம் என்று அதில் ஒன்றுமே இல்லை. கருத்து அதே இடத்தில் மங்கலாக நிற்கட்டும், கீழே ‘போகவில்லை. மீண்டும் அனுப்பு’. அப்புறம், டிக் சத்தமில்லாமல் அவிழ்வது கண்ணால் பார்ப்பவருக்குத்தான் தெரியும். திரைவாசிப்பானில் கேட்பவருக்கு முதலில் ‘முடிந்தது’ என்று சொல்லியாயிற்று. மாற்றங்களைத் திரைவாசிப்பான் தானாகவே வாசிக்கும் ஏரியா லைவ் (aria-live) பகுதியில் சொல்லாவிட்டால் அவருக்கு அது முடிந்ததுதான்.

மார்ச் 12, வியாழன்
ரீஃபெட்ச் வந்து, பதில் வராத டிக்கை ஒரு கணம் அணைத்து ஏற்றும் அந்த மினுக்கல் போய்விட்டது.

மார்ச் 13, வெள்ளி
வரிசை நினைவகத்தில்தான் இருக்கிறது. பதில் வரும் முன் டேப்பை மூடினால் அத்தனையும் போகும். உலாவிக்குள்ளேயே சேமித்து வைக்கும் இண்டெக்ஸ்டு டிபியில் வைக்கலாம். ஆனால் இரண்டு நாள் கழித்துத் திறக்கும்போது அதைத் தானாக அனுப்புவதா, கேட்டு அனுப்புவதா? அதற்குள் வேறொருவர் அந்த வேலையையே நீக்கியிருந்தால்? தானாக அனுப்பக் கூடாது என்றே தோன்றுகிறது. திங்கட்கிழமை சர்வர் பக்கம் இருப்பவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.