அரை நூல்

ஜனவரி 10, 2024

கப்பலில் இருக்கும் மகனுக்கு ஒட்டுப் போர்வை. 84 சதுரம் வெட்டியாச்சு. மொத்தம் 630 வேண்டும். இரண்டரை அங்குலச் சதுரம் ஒன்பது சேர்ந்தால் ஒரு கட்டம், அப்படி 70 கட்டம். நடுவில் ஒன்று விட்டு ஒன்று வெறும் துணிக் கட்டம், அது ஒரு 70. எல்லாம் கூடினால் ஐந்தடி அகலம், ஏழடி நீளம். அவன் ஆறடி ஒரு அங்குலம். கால் வெளியே நீட்டாது.

போனில் அவன் கப்பலைக் காட்டும் புள்ளி நகர்கிறது. காலையில் பார்த்ததற்கு ஒரு விரற்கடை கீழே.

ஜனவரி 12

அவன் கப்பல் போகிற வழியில், ஏமனில் ராத்திரி குண்டு போட்டிருக்கிறார்கள். செய்தி பாதியிலேயே இவர் டிவியை அணைத்துவிட்டுப் பால் வாங்கப் போனார். பால் ஏற்கெனவே வாங்கியிருந்தது.

சுங்குடியை ஊறப்போட்டேன். கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு ஒருநாளும் நின்றதில்லை. நாலு தரம் அலசி, கடைசி அலசலில் ஒரு வெள்ளைத் துண்டையும் சேர்த்துப் போட்டுப் பார்ப்பதுதான் என் வழி. அரக்குப் புடவை மூன்றாவது அலசலிலும் ரத்தம் மாதிரி விட்டது. ஊதா உத்தமம். கஞ்சி போட்டுத் தேய்த்த பிறகுதான் வெட்டு. இல்லாவிட்டால் பழைய பருத்தி கத்தரிக்கோலின் கீழ் நழுவும், சதுரம் சாய்சதுரமாகிவிடும்.

ஜனவரி 14

போகி. விடிகாலை நாலரைக்கே தெருவில் புகை. எதிர்வீட்டில் ஒரு மூட்டைத் துணியை வாசலில் வைத்திருந்தார்கள். கேட்டு வாங்கி வந்துவிட்டேன். இரண்டு லுங்கி, ஒரு பூப்போட்ட நைட்டி, யாரோ பிள்ளையின் யூனிஃபார்ம் சட்டை. நைட்டி பாலியஸ்டர் கலந்தது, இஸ்திரிப்பெட்டி பட்டால் சுருங்கும், ஆகாது. லுங்கி அருமை.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "போகியன்னிக்கு ஊர்க் கந்தலை வெளிய போடுவாங்க. இவ உள்ள கொண்டாரா. நாங்க இல்லாமைக்கு ஒட்டுப் போட்டோம். நீ இருந்துக்கிட்டுப் போடுற."

பதில் சொல்லவில்லை. அவர் சொல்வதில் தப்பும் இல்லை.

ஜனவரி 15

பானை பொங்குகிற நேரம் பார்த்து போன் அடித்தது. ராங் நம்பர்.

ஜனவரி 17

டிவியில் அலங்காநல்லூர். இவரும் அத்தையும் அதன் முன்னால். நான் மெஷினில்.

22 கட்டம் தைத்து முடித்து, சும்மா ஒன்றை அளந்து பார்த்தேன். ஆறரை அங்குலம் இருக்கவேண்டியது ஆறே கால். இன்னொன்று. அதுவும் ஆறே கால். 22-ம் அப்படியே. தையலுக்கு இரண்டு நூல் விடவேண்டும், ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று. நான் இரண்டரை நூல் விட்டிருக்கிறேன். ஒரு கட்டத்தில் குறுக்கே இரண்டு தையல், தையலுக்கு இரண்டு விளிம்பு, ஆக நாலு விளிம்பு, விளிம்புக்கு அரை நூல். இரண்டு நூல் போச்சு. கால் அங்குலம். பக்கத்து வெறும் கட்டத்தோடு சேர்த்தால் ஒன்று இழுக்கும், ஒன்று உப்பும்.

வெறும் கட்டங்களையும் ஆறே காலாக வெட்டிவிட்டால் தீர்ந்தது. அகலத்தில் இரண்டரை அங்குலம் குறையும், நீளத்தில் மூன்றரை. யாருக்கும் தெரியாது. ஆனால் அரை நூல். மெஷின் தகட்டில் நானே ஒட்டிய டேப்தான் அது. கண்ணாடி போடாமல் ஒட்டினேன்.

ஜனவரி 18

நேற்று ராத்திரி ஏடன் வளைகுடாவில் ஒரு கப்பலை அடித்திருக்கிறார்கள். 22 பேர், அதில் 9 பேர் நம்மவர்கள். எல்லோரும் பிழைத்தார்கள். நம் நேவி கப்பல் போய்ச் சேர்ந்ததாம்.

கப்பலின் பெயர் வேறு. பெயரைப் படித்து முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிட்டது.

ஜனவரி 19

22 கட்டத்தையும் பிரித்தேன். பிரிக்கிற முள்ளால் மூன்று தையல் விட்டு ஒரு தையல் அறுத்து, பின்பக்க நூலை இழுத்தால் சரசரவென்று வந்துவிடும். ராத்திரி ஒன்றரை மணி வரை. இவர் எழுந்து வந்து பார்த்தார், ஒன்றும் கேட்காமல் என் பக்கம் இருந்த ட்யூப்லைட்டையும் போட்டுவிட்டுப் போனார்.

ஜனவரி 21

அமெரிக்காவில் அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்று ஆற்று வளைவில் ஒரு ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வம்சம். அந்தப் பெண்கள் உழைத்து நைந்த கால்சட்டைகளைக் கிழித்துத் தைத்த போர்வைகளை 2002-ல் நியூயார்க் மியூசியத்தில் மாட்டினார்கள், 2006-ல் தபால் தலையாகவும் போட்டார்கள். படங்களைப் பார்த்தால் கோடு நேராகவே இருக்காது. முட்டியில் மங்கின நீலமும், பாக்கெட்டைப் பிரித்த இடத்தில் மங்காத நீலமும் அப்படியே தெரியும். அரை நூலுக்கு நான் அழுதது வெட்கமாக இருந்தது.

அதைப் பார்த்துத்தான் கப்பல் வேலைக்கு அவன் போடும் ஆரஞ்சு பாய்லர் சூட் ஞாபகம் வந்தது. போன லீவில் முழங்கை கிழிந்துவிட்டது என்று விட்டுப் போனான். கனத்த காட்டன். கிரீஸ் கறை மூன்று துவைப்புக்கும் போகவில்லை. 70 கட்டத்துக்கும் நடுச் சதுரம் ஆரஞ்சு என்றால் ஊதாவுக்கு எடுப்பாக இருக்குமே என்று கத்தரிக்கோலைக்கூட எடுத்துவிட்டேன்.

பிறகு இன்னும் கொஞ்சம் படித்தேன். அங்கே மிசூரி பெட்வே என்கிற அம்மா 1942-ல் தைத்த ஒன்று. வேலைத்துணி. இறந்துபோன கணவனுடைய வேலைத்துணி, அவன் நினைவாகத் தைத்தாள் என்பதையும் போட்டிருந்தார்கள்.

படித்திருக்கக்கூடாது.

ஜனவரி 22

பாய்லர் சூட்டை மடித்து பீரோவின் மேல்தட்டில் வைத்தேன். நடுச் சதுரம் லுங்கிப் பச்சை.

ஜனவரி 23

புள்ளி இல்லை.

ஜனவரி 24

ஆபத்தான இடம் வந்தால் கப்பலில் அவர்களே அந்தப் புள்ளியின் சிக்னலை அணைத்துவிடுவார்களாம். கப்பல் கம்பெனி ஆபீஸில் சொன்னார்கள். "எல்லாம் நார்மல்தான் மேடம்." அந்தப் பிள்ளைக்கு என் மகன் வயதுதான் இருக்கும், நார்மல் என்று சொல்லிப் பழகிய குரல்.

9 கட்டம். எல்லாம் ஆறரை.

ஜனவரி 25

தைப்பூசம். கூட்டத்தோடு கூட்டமாக டவுனுக்குப் போனேன். புது மண்டபத்தில் இருந்த தையல்காரர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறின பிறகு எனக்கு இன்னும் கால் பழைய பக்கமே போகிறது. மண்டபத்தில் தூணுக்குத் தூண் மெஷின் ஓடும், காலடியில் பிட் துணி குவிந்து கிடக்கும், கேட்டால் அள்ளிக்கொள் என்பார்கள். இப்போது எடை போட்டுக் கொடுக்கிறார்கள். ஒரு பை வாங்கினேன். ஜாக்கெட் பிட்டுகள், எல்லாம் கை வளைவு வெட்டினது. சதுரம் தேறுவது பாதிதான்.

மீனாட்சியைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். பஸ் ஏறின பிறகுதான் உறைத்தது.

ஜனவரி 27

எண்ணெய்க் கப்பல் எரிகிறது. 22 இந்தியர்கள். இவர் பேப்பரை ஒளித்து வைத்தார். போனில் படித்துவிட்டேன்.

இல்லை. அதுவும் இல்லை.

ஜனவரி 28

இன்று தைக்கவில்லை.

ஜனவரி 31

மேல் விரிப்பு முடிந்தது. முன் அறையில் நாற்காலிகளை எல்லாம் தூக்கிவிட்டு, அடித்துணி, நடுவில் இவருடைய இரண்டு பழைய வேட்டி, மேலே ஒட்டு. பஞ்சு வேண்டாம், மதுரைக்கு வேட்டியே அதிகம். ஒரு கை இடைவெளியில் நூலோட்டு போடக் குனிந்தால் எழ முடியவில்லை.

அத்தை கட்டிலை விட்டு இறங்கி வந்து எதிர்முனையில் உட்கார்ந்தார். ஊசியில் நூலைக் கோர்த்துக் கொடுக்கச் சொன்னார். பேச்சே இல்லை. அவருடைய தையல் ஒவ்வொன்றும் ஒரு அரிசி நீளம், கோடு கொஞ்சம் கொஞ்சமாக வாசல் பக்கம் சாய்ந்துகொண்டே போகிறது. என்னுடையது அளவுகோல் வைத்தது. இரண்டும் நடுவில் சந்திக்கிற இடத்தில் முக்கால் அங்குலம் வித்தியாசம். பிரிக்கப்போவதில்லை.

"இது எந்தக் கப்பல்ல குளிரும்னு தைக்கிற?" என்றார். ஏ.சி. ஓயாமல் ஓடும் கேபின் அது என்று சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

பிப்ரவரி 2

ஓரப்பட்டி. 288 அங்குலம் சுற்றளவு, மடிப்புக்கும் ஒட்டுக்கும் ஒரு 12. ஊதாவில் எல்லாத் துண்டையும் சேர்த்தும் கீழ் ஓரத்தில் எட்டு அங்குலம் குறைகிறது. லுங்கியும் தீர்ந்துவிட்டது.

பீரோவில் ஆரஞ்சு இருக்கிறது.

இல்லை.