பந்தம் கொளுத்தாத குகையில் மூன்று வாரம்

எங்கள் குழு ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள்; மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பாத்திரங்களாகப் பேசிப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. ஆட்டத்தை நடத்துவது நான். ட்வார்ஃப், எல்ஃப், ஹாஃப்-ஆர்க் என்று கற்பனை இனங்களைச் சேர்ந்த மூன்று பாத்திரங்கள், மூன்றுக்குமே 60 அடிக்கு டார்க்விஷன், அதாவது இருட்டிலும் பார்க்கும் திறன். குகை வாசல் வந்ததும், "நமக்குத்தான் இருட்டில் கண் தெரியுமே, பந்தம் எதுக்கு?" என்று உள்ளே இறங்கிவிடுவார்கள். நானும் பல மாதமாகக் குகையைப் பட்டப்பகல் போலவே வர்ணித்து வந்தேன். பதுங்கிப் பாயும் மிருகங்கள் எத்தனையோ கொண்டுவந்தேன், ஒன்றுகூட உருப்படியாகப் பதுங்கவில்லை. அதனால் மூன்று வாரமாக இதை மட்டும் சரிசெய்து பார்க்கிறேன்.

விதியில் குழப்பம் இல்லை. டார்க்விஷன் இருப்பவருக்குக் கும்மிருட்டு மங்கல் வெளிச்சமாகத் தெரியும், அவ்வளவுதான். மங்கலில் கண்ணை நம்பிப் போடும் பெர்செப்ஷனுக்கு, அதாவது கவனிக்கும் திறனுக்கான உருட்டலுக்கு, டிஸ்அட்வான்டேஜ்: இருபதுமுகப் பகடையை இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். உருட்டாமலே கணக்கில் வரும் கவனிப்பு எண்ணான பாஸிவ் பெர்செப்ஷனில் 5 குறையும். அந்த இருட்டில் நிறமும் தெரியாது, சாம்பல் சாயல்கள்தான். அந்த 5-ஐக் கழிக்க நான் மறந்திருந்தேன். நிறம் தெரியாது என்பதை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

முதல் வாரம் கிரிக். புழு போன்ற உடல், வாயைச் சுற்றி விழுதுகள். பாறைப் பகுதியில் ஒளியும்போது அதன் ஸ்டெல்த்துக்கு, அதாவது பதுங்கும் உருட்டலுக்கு, அட்வான்டேஜ் உண்டு (இரண்டு முறை உருட்டி அதிகமானதை எடுக்கலாம்), அதோடு டெக்ஸ்டெரிட்டி என்னும் லாவகத்துக்கு +2 சேரும். எங்கள் எல்ஃபின் பாஸிவ் பெர்செப்ஷன் 14. அதைத் தாண்டினால்தான் மறைவு என்று வைத்துக் கணக்குப் போட்டேன். வெளிச்சத்தில் கிரிக் தப்பிக்க 64 சதவீத வாய்ப்பு. பந்தம் இல்லாமல் எல்ஃபின் எண் 9 ஆகிறது, கிரிக்கின் வாய்ப்பு 88-க்கு ஏறுகிறது. அன்று மேஜையிலும் அப்படியே ஆனது. முதல் அடி விழும்வரை யாருக்கும் தெரியவில்லை. எல்ஃப் ஆடும் நண்பர் கொஞ்சம் கோபப்பட்டார். விதியைத் திறந்து காட்டியதும், "சரி, நியாயம்தான்" என்றார்.

ஒரு பந்தம் இருந்தால் 20 அடிக்கு நல்ல வெளிச்சம், அதற்கப்பால் இன்னொரு 20 அடிக்கு மங்கல். டார்க்விஷன்காரருக்கு மங்கலும் நல்ல வெளிச்சம்தான். ஆக 40 அடிவரை எந்தக் கழிவும் இல்லை. ஆனால் பந்தத்தைக் குகையில் இருப்பவையெல்லாம் தூரத்திலேயே பார்த்துவிடும். இந்தத் தராசைத்தான் இத்தனை நாள் நான் மேஜையில் வைக்காமலே விட்டிருந்தேன்.

இரண்டாம் வாரம் நிறத்துக்கு. சதுப்பில் பதுங்கும் புல்லிவக் என்னும் தவளை மனிதர்களை இரவில் கொண்டுவர நினைத்தேன். பச்சைத் தோலுக்குச் சாம்பல் பார்வையில் என்ன மதிப்பு? வீட்டில் செம்பருத்திச் செடியில் ஒரு பச்சைத் துணியைச் செருகிப் போனில் படம் எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். நிறத்தோடு பார்க்கையில் பூ கண்ணைப் பறித்தது, துணி இலையோடு கலந்திருந்தது. நிறம் போனதும் தலைகீழ். பூவும் இலையும் ஏறக்குறைய ஒரே சாம்பல். துணியின் வழவழப்பும் நேரான ஓரமும் பளிச்சென்று தெரிந்தன. நிலா வெளிச்சத்தில் செம்பருத்தி கறுப்பாகத் தெரிவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மங்கலில் நம் கண்ணும் நிறத்தை இழக்கிறது, சிவப்புதான் முதலில் போகிறது.

அதனால் சதுப்பில் ஒளியும்போது புல்லிவக்குக்கு உள்ள அட்வான்டேஜை எடுத்துவிடவில்லை, வர்ணனையை மட்டும் மாற்றினேன். பச்சைத் தோல் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சேறு அப்பிய முதுகு, கோரைப் புல்லின் கீற்றுக்கீற்றான நிழல், உடலின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாமை, இவைதான் இரவில் அதை மறைக்கின்றன. அப்புறம் கருஞ்சிவப்பு அங்கி போட்ட இரண்டு காவலர்களைப் புதருக்குள் நிறுத்தினேன். பகலில் அது அசட்டுத்தனம். அன்று இரவு யாரும் அவர்களைக் கவனிக்கவில்லை.

பழைய பதிப்புகளில் இந்தக் கேள்வியே வேறு. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் இருந்தது இன்ஃப்ராவிஷன். விருப்ப விதியாக எடுத்துக்கொண்டால் அது உடல் சூட்டைப் பார்ப்பது. வெதுவெதுப்பான உடலுக்குத் தோலின் நிறம் அங்கே உதவாது. 2000-இல் மூன்றாம் பதிப்புதான் கறுப்பு வெள்ளை டார்க்விஷனைக் கொண்டுவந்தது. எனக்கு இதுவே பிடிக்கிறது, உருவத்தால் ஒளியும் மிருகங்களுக்கு இதில் வாழ்வு உண்டு.

மூன்றாம் வாரம் அப்படிப்பட்ட ஒன்று: பியர்சர். குகைக் கூரையில் தொங்கும் சுண்ணாம்புக் கல் விழுது போலவே இருக்கும். அசையாமல் இருந்தால் உண்மையான விழுதிலிருந்து பிரித்தறிய முடியாது என்பது விதி. கீழே யாராவது வந்தால் விழும். 10 அடிக்கு ஒரு ஆறுமுகப் பகடை வீதம் சேதம், அதிகபட்சம் ஆறு பகடை. பெர்செப்ஷன் உருட்டியும் பயனில்லை என்றால் ஆடுபவருக்கு அது அநியாயமாகப் படும். அதனால் தடயத்தைத் தரையில் வைத்தேன். உண்மையான விழுது நீர் சொட்டிச் சொட்டி வளர்வது, பெரும்பாலும் அடியில் ஈரம் இருக்கும், அல்லது மேல்நோக்கி வளரும் கல் முளை இருக்கும். பியர்சருக்குக் கீழே தரை காய்ந்து, தட்டையாக. ஈரத்தின் மினுமினுப்பு பந்த ஒளியில்தான் தெரியும், டார்க்விஷனில் தெரியாது என்று நானே ஒரு தீர்ப்பும் வைத்துக்கொண்டேன்.

ட்வார்ஃப் ஆடுபவர் இரண்டு அறை தாண்டியதும் தானாகவே பந்தத்தைக் கொளுத்தினார். மூன்றாவது அறையில், "இந்த விழுதுக்குக் கீழே மட்டும் ஏன் ஈரமில்லை?" என்று கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வரும் சனிக்கிழமை டார்க்மேன்டில். அதுவும் விழுது போலத் தொங்குவது, ஆனால் தன்னைச் சுற்றி 15 அடிக்கு மந்திர இருட்டைப் பரப்பக்கூடியது. டார்க்விஷனும் அதைத் துளைக்காது, பந்தமும் எடுபடாது. இவர்கள் தரையைப் பார்க்கப் பழகிவிட்டார்கள். அதனால் அதை ஈரம் சொட்டும் விழுதுகளுக்கு நடுவில் தொங்கவிட்டு, என்ன தடயம் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.