ஒட்டுசுட்டான் சேற்றில் மூன்றாவது மாரி

இந்த முறை சேற்று மோட்டார் சைக்கிள் ஓட்டத்தை ஓடி முடித்துவிட்டேன். நான்கு சுற்று, 19 பேரில் 11ஆவது இடம். முதல் வருடம் ஒரு சுற்றைக்கூட முடிக்கவில்லை. போன வருடம் இரண்டாவது சுற்றில் எஞ்சின் நின்று தண்ணீர் குடித்துவிட்டது. மூன்று மாரியாகக் கொப்பியில் குறித்து வைத்ததை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். சேற்றில் மோட்டார் சைக்கிள் ஓட ஆசைப்படும் தம்பிமாருக்கு உதவும்.

ஓட்டம் நடப்பது முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானில் இருந்து உள்ளே போகும் ஒரு கிரவல் பாதையின் முடிவில். நண்பர் ஒருவரின் குடும்பக் காணியும் பக்கத்துக் காணிகளும் சேர்ந்த இடம். தென்னை, பயிர் செய்யாமல் விட்ட வயல், பத்தைக் காடு, சின்னக் குளம் ஒன்றின் அலைகரை எல்லாம் பாதைக்குள் வரும். ஒரு சுற்று ஏறக்குறைய 6 கிலோமீற்றர். ஒருவர் போய் அரை நிமிடம் கழித்து அடுத்தவரை விடுவார்கள். ஒன்றரை மணித்தியாலம் முடிந்ததும், ஓடிக்கொண்டிருக்கும் சுற்றை முடித்து வர வேண்டும். கிராம சேவையாளருக்கும் பொலிசுக்கும் முன்கூட்டியே அறிவித்துத்தான் நடத்துகிறோம்.

பாதையின் இரண்டு பக்கமும் நாடா கட்டியிருக்கும். வேறு ஊர்களில் நாடாவைத் தாண்டினால் நேரத்தில் தண்டனை கொடுப்பார்கள். எங்கள் ஊரில் நாடாவுக்கு வேறு அர்த்தமும் உண்டு. 2009 இல் போர் முடிந்து இவ்வளவு காலமாகியும் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கங்களில் மிதிவெடி அகற்றும் வேலை நடந்தபடிதான் இருந்தது. அதனால் பல வருடமாக உழுது, மாடு மேய்த்து, ஆட்கள் நடமாடிய நிலத்தில் மட்டுமே பாதை போடுவோம். பத்தைக்குள் குறுக்கு வழி நல்லதாகத் தெரிந்தாலும் ஒருவரும் இறங்குவதில்லை. காலையில் இரண்டு பேர் பாதை முழுவதும் நடந்து யானை லத்தி கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். இந்த முறை அலைகரையில் ஈரம் காயாத லத்தி கிடந்ததால் அந்தத் துண்டைச் சுற்றிப் போகும்படி நாடாவை மாற்றிக் கட்டினோம். பார்க்க வருபவர்களை எங்கே நிறுத்துவது என்பதிலும் இப்போது கவனம் கூட. 2024 ஏப்ரலில் தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று பாதையை விட்டு விலகிக் கூட்டத்துக்குள் புகுந்து 7 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வளைவின் வெளிப்பக்கத்தில் ஒருவரையும் நிற்க விடுவதில்லை.

என்னிடம் இருப்பது யமஹா சேரோ, 223 சிசி, பழைய மொடல். ஜப்பானில் இருந்து பாவித்த வண்டியாக வந்தது. சேரோ என்பது மலைக்காட்டில் ஏறித் திரியும் ஆட்டைப் போன்ற ஒரு விலங்கின் பெயர். வண்டியும் அப்படித்தான்: பாரம் 100 கிலோவுக்குச் சற்று மேல், முன்சில்லு 21 அங்குலம், மெதுவாக உருட்டினாலும் எஞ்சின் நிற்காது. வேகம் வேண்டுமானால் வேறு வண்டி பார்க்க வேண்டும். சேற்றுக்கு இது போதும், விழுந்தால் தனியாளாகத் தூக்கவும் முடியும்.

முதல் வருடம் நான் றோட்டில் ஓடிய அதே ரயரோடு போனேன். முதல் வயலைக் கடப்பதற்குள் மட்கார்டுக்கும் ரயருக்கும் நடுவில் களி இறுகி முன்சில்லு சுற்றவில்லை. தடியால் கிளறி எடுத்தேன், 50 மீற்றர் போனதும் திரும்ப இறுகியது. பிடிப்புக்காகக் காற்றை நன்றாகக் குறைத்திருந்தேன், ஆனால் ரயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லொக் போட வேண்டும் என்று தெரியாது. ரயர் ரிம்மில் வழுக்கிச் சுற்றி, ரியூபின் வால்வை அடியோடு கிழித்துவிட்டது. அதோடு அந்த வருட ஓட்டம் முடிந்தது. இப்போது பின்னுக்கு ரிம் லொக், பெரிய கட்டை வைத்த ரயர், 14 பிஎஸ்ஐ காற்று. முன் மட்கார்டை உயர்த்திப் பூட்டியிருக்கிறேன். அதன் உட்புறத்தில் ஓட்டத்துக்கு முன் சமையல் எண்ணெய் பூசினால் களி ஒட்டுவது குறைகிறது. முதல் இரண்டு சுற்றுக்கு அது காணும்.

இரண்டாம் வருடக் கதை கொஞ்சம் நீளம். வாய்க்கால் கடக்கும் இடத்தில் தண்ணீர் முழங்கால் அளவுதான். சைலன்சர் வாய் மேலே இருந்தது, காற்று வடிகட்டியும் நனையவில்லை. அப்படியிருந்தும் நடுவில் வந்ததும் எஞ்சின் மூச்சுத் திணறி நின்றது. தள்ளிக் கரையேற்றும்போது குழிக்குள் சரிந்ததில் உண்மையாகவே தண்ணீர் உள்ளே போய்விட்டது. பிளக்கைக் கழற்றி வண்டியைச் சரித்து உதைத்ததும் பீறிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து எஞ்சின் ஒயிலை இறக்கினேன், பால் தேத்தண்ணி நிறம். இரண்டு தடவை புது ஒயில் விட்டு ஓடவைத்து இறக்கிய பிறகுதான் தெளிந்தது.

முதலில் ஏன் நின்றது என்று கண்டுபிடித்தவர் அப்பா. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வன்னியில் பெற்றோல் கிடைக்காதபோது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர். எஞ்சினைத் தொடக்கி வைக்க மட்டும் கொஞ்சம் பெற்றோலை, எஞ்சினுக்குக் காற்றும் எரிபொருளும் கலந்து கொடுக்கும் கார்பரேற்றருக்குள் விட்டு, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்களாம். கார்பரேற்றர் எப்படி மூச்சு விடும் என்று அவருக்குக் கை தெரியும். கார்பரேற்றரில் இருந்து கீழே தொங்கும் மெல்லிய குழாய்களைப் பிடித்துக் காட்டினார். “இது தண்ணிக்குள்ள போனா உள்ளுக்கு காத்து வராது. காத்து வராட்டி பெற்றோல் எப்பிடி இறங்கும்?” அந்தக் குழாயை நடுவில் வெட்டி, மூன்று வாய் இணைப்பு ஒன்று போட்டு, ஒரு கிளையை மேலே பெற்றோல் டாங்கிக்கு அடியில் கொண்டுபோய்க் கட்டினோம். கீழ் வாய் அடைபட்டாலும் மேல் வாய் காற்று எடுக்கும். முதலில் சேலைன் ரியூபில்தான் செய்தோம். பெற்றோல் ஆவி பட்டு இரண்டு மாதத்தில் அது இறுகி வெடித்ததால், பிறகு பெற்றோலுக்கென்றே விற்கும் குழாய் வாங்கிப் போட்டேன். முழு வேலைக்கும் ஒரு பின்னேரம் போதும். சேற்றுக்குப் போகும் வண்டியில் ரயருக்கு முன் செய்ய வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

வண்டி சரி, ஓடுபவனும் சரியாக வேண்டும். காலபோக விதைப்புக்கு முன் வட்டக்கச்சியில் மச்சானின் வயலில் மூன்று கிழமை பழகினேன். அங்கே உழவு மிசின் ஓடும் ஐயா ஒருவர் வரம்பில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் முதல் கியரில் அக்சிலேற்றரை முறுக்குவதும், சில்லு சுற்றிக் குழி தோண்டுவதும், காலால் உந்துவதுமாக இருந்தேன். “தம்பி, ஏன் அதோட சண்டை பிடிக்கிறாய்? ஒரு கியர் கூட்டிப் போட்டு ஒரே சீரா விடு. முன்சில்லைப் பாக்காதை, அந்தா அந்தப் பனையைப் பார்” என்றார். இரண்டாவது கியர், பாதி முறுக்கு, பார்வை பனையில். தாண்டிவிட்டேன். நாற்பது வருடமாகச் சேற்றில் சில்லு உருட்டியவரின் கணக்கு அது. சில்லுத் தடத்துக்குள் விழுந்தாலும் அதே கணக்குத்தான். கீழே பார்த்தால் தடத்தின் சுவரில் முட்டுவோம், தூரத்தில் பார்த்தால் வண்டி தானாக நடுவில் ஓடும். கால் இரண்டும் மிதியிலேயே இருக்க வேண்டும். இது எனக்குப் பழக ஒரு மாதம் எடுத்தது, பயம் வந்ததும் கால் தானாக இறங்கிவிடும்.

ஓட்டம் மார்கழிக் கடைசி ஞாயிறு. விடியற்காலை கிளிநொச்சியில் இருந்து லான்ட்மாஸ்டர் (கை உழவு மிசின்) பெட்டியில் வண்டியை ஏற்றி வந்தோம். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கி, மாங்குளத்தில் திரும்பினோம். இரவு முழுக்க மழை. தொடங்கும்போதும் தூறல் விடவில்லை.

முதல் சுற்றை வேண்டுமென்றே மெதுவாக ஓடினேன். மருதமர வேர்கள்தான் இந்த முறை எல்லோரையும் விழுத்தின. நனைந்த வேர் சவர்க்காரம் போல வழுக்கும். அதைச் சரிவாகக் கடந்தால் சில்லு வேரோடு சேர்ந்து ஓடிவிடும். முறுக்கை விட்டு, பிறேக்கைத் தொடாமல், நேர் குறுக்காக ஏறி இறங்க வேண்டும். அப்படியும் இரண்டாவது சுற்றில் விழுந்தேன். பின்னால் வந்த தம்பி தன் நேரத்தை விட்டு நின்று, “அண்ணை, கால் சரியோ?” என்று கேட்டு ஹான்டிலை நிமிர்த்தித் தந்துவிட்டுப் போனான். அவன் எனக்கு இரண்டு இடம் முன்னால் முடித்தான், அது எனக்கு மிகவும் சந்தோசம்.

வாய்க்காலில் தண்ணீர் போன வருடத்தைவிட உயரம். நான்கு தடவையும் எஞ்சின் ஒரே சத்தத்தில் கடந்தது. மூன்றாவது தடவை ஹெல்மெற்றுக்குள் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கடைசிச் சுற்றில் பின் பிறேக் சுத்தமாக இல்லை, டிரம்முக்குள் சேறு போய்விட்டது. கண்ணாடியைத் துடைக்க இடுப்பில் சொருகிய துணியும் சேறாகிவிட, கண்ணாடியைக் கழுத்தில் இறக்கிவிட்டு ஓடினேன். கண்ணுக்கு அது நல்லதல்ல, இரண்டு நாள் எரிந்தது. அடுத்த முறை இரண்டு கண்ணாடி கொண்டுபோய், ஒன்றை இரண்டாவது சுற்று முடியும் இடத்தில் கொடுத்து வைக்கப் போகிறேன்.

வீட்டுக்கு வர இருட்டிவிட்டது. அப்பா ரோச் லைட்டோடு முற்றத்துக்கு வந்தார். எத்தனையாவது இடம் என்று கேட்கவில்லை. டாங்கிக்கு அடியில் கையை விட்டு அந்தக் குழாயின் நுனியைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. பிறகு பின்சில்லுப் பக்கம் குந்தி, “சரி, ஸ்பனரை எடு. டிரம்மைக் கழட்டிப் பாப்பம்” என்றார்.