ஸ்டேஷன் முதலில், ஊர் பிறகு: இரயில் மனைக் குறிப்புகள்

ஜூன் 3

இல்லினாய் சென்ட்ரல் இரயில் பாதைக்காக 1850-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒதுக்கிய நிலம் மாநில அரசு வழியாகக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. மொத்தம் சுமார் 25 லட்சத்து 95 ஆயிரம் ஏக்கர். பாதையின் இருபுறமும் ஆறு மைல் வரை, இரட்டை எண் செக்ஷன்கள் மட்டும். ஒரு செக்ஷன் என்பது ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். இடையில் கிடந்த ஒற்றை எண் கட்டங்களை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டு, விலையை ஏக்கருக்கு ஒன்றேகால் டாலரிலிருந்து இரண்டரை டாலராக்கியது. பாதி நிலத்தை இலவசமாகக் கொடுத்தும் கணக்கில் துண்டு விழவில்லை.

ஆனால் ஊர் பிரித்து மனை விற்க, கம்பெனியை அமைத்த 1851 சாசனம் இடம் தரவில்லை. டேவிட் நீல் உள்ளிட்ட இயக்குநர்கள் சிலர் ‘அசோசியேட்ஸ்’ என்று தனியாகக் கூட்டு சேர்ந்து நிலம் வாங்கினார்கள். ஸ்டேஷன் எங்கே என்று முடிவு செய்பவரும், அங்கே முன்கூட்டியே நிலத்தை வளைப்பவரும் ஒரே ஆட்கள். எனக்கு இதில் நகரமைப்பைவிடப் பத்திர வேலைதான் அதிகம் தெரிகிறது.

ஜூன் 5

ஸ்டேஷனுக்கு இடம் பார்ப்பதில் முதல் விதி சமதளம். ஏற்றத்தில் நின்ற சரக்கு வண்டியை மீண்டும் கிளப்புவது நீராவி எஞ்சினுக்குப் பெரும்பாடு. அடுத்தது எஞ்சினுக்குத் தண்ணீர். மூன்றாவது இடைவெளி: குதிரை வண்டியில் தானியம் கொண்டுவரும் விவசாயி இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். ஏழிலிருந்து பத்து மைலுக்கு ஒரு ஸ்டேஷன் என்பது இப்படி வந்ததுதான். வம்பு என்னவென்றால், புல்வெளிச் சமதளத்தில் மழைநீர் வடியாது. முதல் வசந்தத்திலேயே கடைத்தெரு சேறாகிவிடும்.

ஏற்கெனவே இருக்கும் ஊருக்குள் பாதை போனால் நிலத்தின் லாபம் பழைய உரிமையாளர்களுக்குப் போகும். 1854-இல் பாதை, இல்லினாயின் பழைய ஊரான அர்பானாவுக்கு இரண்டு மைல் மேற்கே போனது. அங்கே முளைத்த ‘வெஸ்ட் அர்பானா’ 1860-இல் சாம்பெய்ன் ஆயிற்று. கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) கோர்ட் இன்றும் அர்பானாவில்தான். வியாபாரம் இடம் மாறிவிட்டது.

ஜூன் 6

அளவை வேலை. நிலம் அளக்கும் கன்ட்டர் சங்கிலி 66 அடி, 100 கண்ணிகள். 80 சங்கிலி ஒரு மைல், 10 சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். கண்ணிகள் உராய்ந்து தேயத் தேயச் சங்கிலி நீளும். ஓர் அங்குலம் நீண்டால் மைலுக்கு 80 அங்குலம், அதாவது 6 அடி 8 அங்குலம் பிசகும். அதனால் தேயாத அளவுகோல் ஒன்றோடு அடிக்கடி ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். பிறகு தகராறு வந்தால் வரைபடத்தில் எழுதிய அடிக்கணக்கைவிட, முதலில் நட்ட கல்லுக்கே மதிப்பு. மரமுளை மட்டும் அடித்துவிட்டுப் போன ஊர்களில் வழக்கு ஓயாது.

அடுத்த சிக்கல் கோணம். செக்ஷன் கோடுகள் வடக்கு தெற்காக ஓடும், தண்டவாளம் சாய்ந்து ஓடும். தெருக்களைத் தண்டவாளத்துக்கு இணையாகப் போட்டால், செக்ஷன் கோட்டில் போகும் சாலையைத் தொடும் இடத்தில் முக்கோண மனைகள் மிஞ்சும். அவற்றை வாங்க ஆள் வராது. சாம்பெய்ன் கடைவீதிப் பகுதி மட்டும் மற்ற ஊரிலிருந்து திரும்பி நிற்பது இதனால்தான்.

அசோசியேட்ஸ் 33 ஊர்களுக்கு ஒரே வரைபடத்தைப் பயன்படுத்தினார்கள். தண்டவாளத்துக்கு இணையான தெருக்களுக்கு ஓக், செஸ்ட்நட், வால்நட் என்று மரங்களின் பெயர், குறுக்குத் தெருக்களுக்கு எண். மரமே இல்லாத புல்வெளியிலும் அதே பெயர்கள்.

ஜூன் 9

லேஅவுட் கணக்கு ஒன்று. நாலு பக்கமும் தெரு சூழ்ந்த 300 அடிக்கு 300 அடி பிளாக், நடுவே 20 அடி பின்சந்து. இருபுறமும் 25 × 140 அடி மனைகள் பன்னிரண்டு பன்னிரண்டாக 24. தெரு 80 அடி என்றால், தெருவில் பாதிப் பங்கையும் சேர்த்து ஒரு பிளாக்குக்கு 380 × 380 அடி, அதாவது 3.3 ஏக்கர். ஏக்கருக்கு ஏழு மனை. நிலத்தை ஏக்கர் 10 டாலருக்கு வாங்கியிருந்தாலும் மனைக்கு அடக்கம் ஒன்றரை டாலருக்குள்தான். மீதியெல்லாம் ஸ்டேஷன் கொடுத்த விலை. கார்னர் மனைக்கு எப்போதும் கூடுதல் விலை.

ஒட்டி ஒட்டிக் கட்டிய மரக்கடைகளில் ஒன்றில் தீப்பிடித்தால் வரிசையே போகும். பின்சந்தைச் சுருக்கிய இடங்களில் தண்ணீர் வண்டிகூட நுழையாது.

ஜூன் 10

தண்டவாளத்தை ஊர் நடுவில் விட்டு இருபுறமும் கடை வைத்ததுதான் பழைய வரைபடங்களின் பெரிய குறை. வியாபாரம் இரண்டாகப் பிரியும், சரக்கு வண்டி மாற்றும்போது ஜனம் கிராசிங்கில் காத்துக்கிடக்கும். பின்னாளில் மேற்குச் சமவெளிகளில் ‘டி’ வடிவம் பரவியது. தண்டவாளம் மேல்கோடு, கடைத்தெரு அதிலிருந்து ஒரே பக்கமாக இறங்கும் கால். தானியக் கிடங்குகள் பாதையோரத்தில், இரயில்வேயின் சொந்த நிலத்தில், குத்தகைக்கு.

ஜூன் 14

நெப்ராஸ்காவில் பர்லிங்டன் பாதையை ஒட்டி ஊர்களை அமைத்தது சவுத் பிளாட் லேண்ட் கம்பெனி. 1870-களின் தொடக்கத்தில் ஆங்கில அகர வரிசையிலேயே, C முதல் L வரை, பெயர்கள்: கிரீட், டார்செஸ்டர், எக்ஸெட்டர், ஃபேர்மான்ட், கிராஃப்டன், ஹார்வர்ட், இன்லண்ட், ஜூனியாட்டா, கெனசா, லோவெல்.

ஜூனியாட்டாவுக்குக் கவுண்டித் தலைநகர் அந்தஸ்தும் கிடைத்தது. கம்பெனியின் பட்டியலில் இல்லாத ஹேஸ்டிங்ஸ், 1872-இல் வேறொரு இரயில் பாதை பர்லிங்டனைக் குறுக்கிட்ட இடத்தில் எழுந்தது. இரண்டு பாதைகள் இருந்தால் சரக்குக் கட்டணத்தில் போட்டி வரும், கடைக்காரர்கள் அங்கேதான் போவார்கள். பத்தாண்டு முடிவதற்குள் கவுண்டி அலுவலகமும் ஹேஸ்டிங்ஸுக்கு மாறிவிட்டது.