தோட்டம் என்றால் என்ன, சேர்?

நம் பாடசாலை மலருக்காக மலர்க்குழுத் தம்பி என்னிடம் கேட்டது விடுதி வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை. விடுதிப் பருப்புக் கறியின் தண்ணீரைப் பற்றி நம்மவர்கள் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். அதனால் நான் விவசாய வகுப்புக்குப் போகிறேன். தம்பி கோபிக்கக்கூடாது.

1975ஆம் ஆண்டு. இலங்கையில் பாணுக்கு, அதாவது ரொட்டிக்கு, விடியும் முன்னமே வரிசை நின்ற காலம். மைதானத்துக்குக் கீழே இருந்த சரிவை வெட்டி மரவள்ளி நடச் சொன்னார்கள். அந்தச் சரிவில் நின்றால் நமக்கு மேலே தேயிலை, கீழே பள்ளத்தில் சிங்களக் கிராமத்து வயல்கள் படிப்படியாக இறங்கும். எருமை கட்டி உழுவது எறும்பு ஊர்வது போலத் தெரியும். தைப்பொங்கல் பாடத்தில் ஏரும் மாடுமாக ஒரு உழவர் படம் இருக்குமே, அந்தப் படத்தை விட்டால் நான் ஏரைப் பார்த்தது அந்தத் தூரத்தில்தான்.

விவசாயம் படிப்பித்த சேர் யாழ்ப்பாணத்தவர். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, குளிருக்குத் தலையில் மஃப்ளர் சுற்றியிருந்தார். முதல் நாள் கேட்ட முதல் கேள்வி: "எத்தினை பேற்றை வீட்டில கமம் செய்யினம்?"

எவனுக்கும் விளங்கவில்லை. பின்வாங்கிலிலிருந்து ஒருவன், "கமாவா சேர்? முற்றுப்புள்ளிக்கு முந்தி வர்றதா?" என்றான்.

"கமமடா, கமம்! விவசாயம்!"

மூன்று கைகள் உயர்ந்தன. மூன்றும் வெலிமடைப் பக்கம், உருளைக்கிழங்கு போடும் வீட்டுப் பிள்ளைகள். மீதி முப்பத்தெட்டுப் பேரும் சும்மா இருந்தோம். சேர் என்னைப் பிடித்தார்.

"நீர் சொல்லும். உம்மட அப்பா என்ன செய்யிறார்?"

"தோட்டத்துல வேலை, சேர்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தோட்டம் செய்யிறார் எண்டால் கமக்காரன்தானே! பிறகேன் கையை உயர்த்தேல்லை? என்ன போடுறவர், வெங்காயமோ மிளகாயோ?"

"தேயிலை, சேர்."

"எவ்வளவு காணி?"

"அறுநூறு ஏக்கர், சேர்."

வகுப்பு சிரித்த சிரிப்பு இன்றைக்கும் காதில் இருக்கிறது. நான் பொய் சொல்லவில்லை. தோட்டம் அறுநூறு ஏக்கர்தான். யாழ்ப்பாணத்தில் தோட்டம் என்றால் செம்மண்ணில் கிணற்றுத் தண்ணீர் இறைத்து வெங்காயமும் புகையிலையும் வைப்பது. தோட்டக்காரர் என்றால் ஊரில் மரியாதை. நமக்குத் தோட்டம் என்றால் துரை, கங்காணி, வரிசை வீடான லயன். அதற்கு ஒரு 'காடு' சேர்த்து 'தோட்டக்காட்டான்' என்று ஏசினால் என்ன பொருள் என்று இந்த மலரை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. சேருக்கு அது விளங்க ஒரு தவணை பிடித்தது. விளங்கிய பிறகும் மனிதர் விடவில்லை. பதிவேட்டில் என் பெயருக்கு நேரே, தகப்பன் தொழில் என்ற இடத்தில், தன் உருண்டைக் கையெழுத்தில் 'விவசாயம்' என்று எழுதி வைத்தார். கொஞ்ச நாளில் யாரோ அதை வெட்டி, சிவப்பு மையில் 'தோட்டத் தொழிலாளி' என்று திருத்தியிருந்தார்கள்.

தமிழ் சேர் மட்டக்களப்பு. அவர் அறுவடைக்கு லீவு போட்டால், "வேளாண்மை வெட்டப் போறேன்" என்பார். அதே வாயால் குறளில் 'விருந்தோம்பி வேளாண்மை செய்தற் பொருட்டு' என்ற அடிக்கு வேளாண்மை என்றால் உபகாரம் என்று பொருள் சொன்னார். நம் வகுப்பில் இதை விடுவார்களா? "அப்ப மட்டக்களப்புல உபகாரத்தையா சேர் வெட்டுறாங்க?" சேர் சிரித்துவிட்டு, விளைவித்தவன் கையில்தானே கொடுப்பதற்கு ஏதாவது இருக்கும் என்றார். பிரம்பு எடுக்கவில்லை. கமம், வேளாண்மை, விவசாயம் என்று ஒரே மாடியில் மூன்று சொல். தண்ணீர் அடைக்க வரும் சிங்களத் தாத்தாவிடம் கேட்டால் 'கொவிதென' என்பார், நான்காவது.

விவசாயம் என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. அது வடமொழியின் 'வியவசாய'. அங்கே அதற்கு மண்ணோடு ஒரு தொடர்பும் இல்லை; மன உறுதி, முயற்சி என்று பொருள். இந்திக்காரருக்கு அதே சொல் தொழில், வியாபாரம். தெலுங்கரும் கன்னடரும் நாமும்தான் அதை வயலில் இறக்கினோம். மலையாளத்தார் 'கிருஷி' என்பார்கள். அது இழுத்தல், உழுதல் என்ற வேரில் வருவது. ஆகர்ஷணம் என்று நாம் சொல்வதும் அந்த இழுவைதான்.

சரி, இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. 1987இல் நோர்வேயின் ஒஸ்லோவுக்கு வந்து, மொழி வகுப்பில் முதல் வாக்கியமாக 'யாய் பூர் இ ஊஸ்லு' என்று படித்தேன். நான் ஒஸ்லோவில் வசிக்கிறேன். 'பூ' என்றால் வசி. பக்கத்தில் வசிப்பவர் 'நாபூ', அயலவர். இரண்டு மாதம் கழித்து 'புன்ன' என்று ஒரு சொல் வந்தது. அதுதான் அவர்களுடைய விவசாயி. அதுவும் அந்தப் 'பூ'விலிருந்து பிறந்ததுதான் என்றார் டீச்சர். பழைய நோர்டிக் மொழியில் குடியிருப்பவன் என்று பொருள். அது வீட்டோடு சேர்ந்து ஆங்கிலத்துக்குப் போய் 'ஹஸ்பண்ட்' ஆனது. முதலில் வீட்டுக்குரியவன், பிறகுதான் கணவன். விவசாயத்துக்கு ஆங்கிலத்தில் 'ஹஸ்பண்ட்ரி' என்று ஒரு பழைய பெயர் இருப்பதும் அதனால்தான்.

இந்த 'புன்ன'வில் நான் பட்ட பாடு தனி. பன்மையில் அது 'பொன்னர்'. போஞ்சிக்கும் அவர்கள் சொல்வது 'பொன்னர்'. இரண்டையும் பிரிப்பது குரலின் ஏற்ற இறக்கம் மட்டுமே. மரக்கறிக் கடையில் அரைக் கிலோ விவசாயிகளைக் கேட்டு வாங்கி வந்தவன் நான். நம் போஞ்சியும் நம்முடையதில்லை, டச்சுக்காரரின் 'பூன்ச்சே' சிங்களம் வழியாக வந்தது. அதுவும் இந்த நோர்வேப் போஞ்சியும் ஒன்றுக்கொன்று உறவு. பண்டாரவளைச் சந்தையில் அம்மா கூறு கட்டி வாங்கிய போஞ்சி!

டச்சு என்றதும் தியத்தலாவை நினைவு வருகிறது. ரயிலில் வந்து படித்தவர்கள் அந்த இராணுவ முகாமைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாரோடு சண்டை போட்டுப் பிடிபட்ட போயர்களை 1900 ஆகஸ்டிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள், ஏறத்தாழ 5000 பேர். பெரிய முகாம் தியத்தலாவையில். சரித்திர பாடத்தில் போயர் என்பதை ஏதோ சாதிப் பெயர் போலப் படித்துவிட்டுப் போனோம். டச்சில் 'பூர்' என்றால் விவசாயி, அவ்வளவுதான். ஜேர்மன் 'பவர்' அதன் சகோதரன். கட்டுவது, குடியிருப்பது, பயிரிடுவது மூன்றும் அங்கே ஒரே வேர். ஒரு பக்கம் விவசாயி என்ற பெயரோடு கம்பிவேலிக்குள் ஐயாயிரம் பேர், சுற்றி மலை முழுக்க அந்தப் பெயர் இல்லாமல் நம் பூட்டன் பூட்டிமார்.

தபால் பிரிக்கும் நிலையத்தில் இருபது வருடம் வேலை செய்தேன். கோப்பி நேரத்தில் எங்கள் மேசை ஐக்கிய நாடுகள் சபைதான். எகிப்து நண்பர் தன் அப்பாவை 'ஃபல்லாஹ்' என்பார். பிளப்பவன்; மண்ணைப் பிளந்து உழுகிறவன். அதே வேரில்தான் 'ஃபலாஹ்', வெற்றி, ஈடேற்றம். பாங்கில் 'ஹய்ய அலல் ஃபலாஹ்' என்று வருவது அது. டவுன் பள்ளிவாசலிலிருந்து மாலை மாலை அதைக் கேட்டுக்கொண்டே மரவள்ளிக்கு மண் அணைத்திருக்கிறோம், தெரியாமல்.

சிலி நாட்டுக்காரர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஸ்பானிய மொழியில் உழவனுக்கு 'லப்ரடோர்' என்று ஒரு சொல் உண்டாம். நான் சிரித்தேன். எங்கள் துரை பங்களாவில் ஒரு லேப்ரடோர் நாய் இருந்தது. அந்த நாய் இனத்துக்குப் பெயர் கனடாவின் லேப்ரடோர் பிரதேசத்தால் வந்தது. பிரதேசத்துக்குப் பெயர், நில உழவன் என்ற பட்டப்பெயர் கொண்ட ஒரு போர்த்துக்கேய மாலுமியால் வந்தது. பிரெஞ்சில் 'லபூரே' என்றால் இன்றைக்கும் உழுவதுதான். எல்லாவற்றுக்கும் மூலம் லத்தீனில் உழைப்பைக் குறிக்கும் சொல். ஆங்கிலத்தில் அதுதான் லேபர். அதாவது ஸ்பெயினில் காணிக்காரனைக் குறித்த சொல், நம் தோட்டத்துக்கு வந்தபோது 'லேபர் லயன்' ஆனது. பங்களா நாய்க்குக் கிடைத்த பொருள் நமக்குக் கிடைக்கவில்லை.

'ஃபார்ம்' என்ற சொல்லும் மண்ணிலிருந்து வந்ததில்லை. லத்தீனில் 'ஃபிர்மா', அசையாமல் நிர்ணயித்த பணம். முதலில் அது குத்தகை, பிறகு குத்தகைக்கு எடுத்த நிலம், கடைசியில்தான் பண்ணை. வரி வசூலிக்கும் உரிமையை மொத்தத் தொகைக்கு எடுத்தவனையும் ஆங்கிலத்தில் ஃபார்மர் என்றுதான் சொன்னார்கள்.

இதற்குள் நம் சங்கக் கூட்டத்தில் ஒருவர், நோர்வேயின் பழைய கலப்பை 'ஆர்ட்', லத்தீனில் உழுவது 'அராரே', நம்முடையது 'ஏர்', ஆகவே உலகத்துக்கு உழவு சொல்லித் தந்தது தமிழன் என்று முடித்தார். கைதட்டல் வேறு. 'ஆர்ட்'டும் 'அராரே'யும் சொந்தக்காரர்கள். ஏர் வேறு குடும்பம். ஓசை ஒத்துப்போவதெல்லாம் உறவானால் அரைக் கிலோ விவசாயியும் சரிதான்.

ஊர் ஊராகப் பார்த்தால், மண்ணைக் கீறியவன், வீடு கட்டி இருந்தவன், குத்தகை கட்டியவன் என்று ஏதோ ஒன்றில் நிலத்தைப் பிடித்துக்கொண்டுதான் விவசாயிக்குப் பெயர் வந்திருக்கிறது. நம் தோட்டத்துச் சொற்களை ஒரு நாள் தாளில் எழுதிப் பார்த்தேன். விடியற்காலை ஆள் கணக்கு எடுப்பது பெரட்டு, அது பரேட். குடியிருப்பு லயன், படைவீரர்களுக்குக் கட்டுவதும் லைன். செடியை வெட்டுவது கவ்வாத்து. தமிழகராதியில் கவாத்து என்றால் படைப்பயிற்சியும்தான். கணக்கு செக்ரோல். பாதி பட்டாளத்துச் சொல், பாதி கணக்குப் புத்தகத்துச் சொல். நாமாகக் கொடுத்தது மம்பட்டி மட்டும். துரைமார் அதை 'மமோட்டி' என்று ஆங்கிலமாக்கிக்கொண்டார்கள்.

அப்படிச் சொல்லிவிட்டாலும் அநியாயம். அம்மா இடுப்பில் படங்கு கட்டி, செடிமேல் மட்டக்கம்பை வைத்து, 'ரெண்டு இலை ஒரு அரும்பு' என்று விரல் ஓடும் வேகத்தைப் பார்த்திருக்கிறேன். பெருவிரல் ஓரம் சாயம் ஏறிக் கறுத்திருக்கும், சவர்க்காரத்துக்குப் போகாது. அவருக்கு வயல் என்ற சொல் தேவைப்பட்டதே இல்லை, 'மலை' என்பார். "இன்னிக்கு எட்டாம் நம்பர் மலை." கொழுந்து எடுக்கும் வரிசை 'நிரை', சங்கப் பாட்டில் வரும் அதே நிரை. ஒரு நாள் வேலை 'பேர்'. செக்ரோலில் பேர் விழுந்தால் ஒரு நாள் சம்பளம். கொழுந்தின் எடை, றாத்தல், குறைந்தால் அரைப்பேர். சாயந்தரம் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இன்னிக்கு அரைப்பேர்தான்டா" என்பார். சின்ன வயதில் நான் அதை, அம்மாவுடைய பெயரில் பாதியை எழுதிவிட்டு மீதியை விட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். எந்தப் பாதியை என்று ஒரு முறை கேட்டும் இருக்கிறேன்.

இப்போது தங்கச்சி மகன் தோட்டத்து வேலைக்குப் போவதில்லை. வெலிமடைப் பக்கம் கால் ஏக்கர் குத்தகைக்கு எடுத்து லீக்ஸும் போஞ்சியும் போட்டிருக்கிறான். போன மாதம் வீடியோவில் வந்தான். "மாமா, நாமளும் இப்ப விவசாயிதான்" என்று போனைத் திருப்பிப் போஞ்சிக் கம்புகளைக் காட்டினான். ஃபிர்மாவைப் பற்றி அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் தூரத்திலிருந்து தங்கச்சியின் குரல் கேட்டது:

"டேய், அரைப்பேர் நேரம் ஆயிருச்சு, சோத்துக்கு வாடா!"

"வர்றேம்மா" என்று அவன் போனை வைத்துவிட்டான்.