மண்ணெண்ணெய்ப் போத்தலை உள்ளே வையுங்கள்

ஸ்காபரோவின் ரூஜ் பூங்காவில் நடைபாதை தொடங்குகிற இடத்தில் உண்ணிக்கு எச்சரிக்கைப் பலகை. மாட்டுக்கும் நாய்க்கும் உரிய உயிருக்கு இங்கே இவ்வளவு மரியாதை! கனடா பழகிப்போயிற்று என்கிறோம். கோடை ஒன்றுகூடலில் கொத்துரொட்டித் தட்டோடு புல்லில் சம்மணமிடும்போது மனம் ஊர்த் தோட்டத்தில்தான் இருக்கிறது.

மரியாதைக்குக் காரணம், உண்ணி கடித்துத் தொற்றும் பக்டீரியா நோயான லைம் நோய். அதைக் காவுவது கறுங்கால் உண்ணி. இளம் உண்ணி கசகசா அளவுதான், கடித்தாலும் நோகாது. வெப்பநிலை 4 பாகையைத் தாண்டினாலே நடமாடும். வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அரை, தொப்புள், அக்குள், காதின் பின்புறம், தலைமயிருக்குள் எல்லாம் பார்க்கவேண்டும். உடுப்பைத் தோய்க்குமுன் ட்ரையரில் உச்சச் சூட்டில் 10 நிமிடம் விடுங்கள். தோய்க்கிற தண்ணீருக்கு உண்ணி தப்பிவிடும்.

ஒன்று ஒட்டியிருந்தால் வீட்டில் மாநாடு கூடிவிடும். மாமா மண்ணெண்ணெய் என்பார், மாமி தீக்குச்சி என்பார், வாட்ஸ்அப்பில் ஊரிலிருந்து பெரியம்மா சுண்ணாம்பு என்பா. பட்டியில் மாட்டின் காதோரம் பிடுங்கிக் கல்லில் நசுக்கிய கைகளல்லவா! ஒன்றும் வேண்டாம். அது தானாகக் கழருமென்று காத்திருந்தால் நேரம்தான் போகும். சீண்டப்பட்ட உண்ணி வயிற்றில் உள்ளதைத் தோலுக்குள் கக்கவும் கூடும். விரலால் வயிற்றை நசுக்கினாலும் அதே ஆபத்து.

புருவம் திருத்தும் அகன்ற நுனிச் சாமணம் சரிவராது; கூர்நுனி வேண்டும். தோலோடு ஒட்ட, உண்ணியின் தலைப்பக்கத்தைப் பிடித்து, திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், ஒரே சீராக நேர் மேலே இழுங்கள். தோல் கொஞ்சம் எழும்பும், பிடியை விடாதீர்கள். வாய்ப்பகுதி முறிந்து நின்று, லேசாக எடுக்க வராவிட்டால் விட்டுவிடுங்கள், தோலே தள்ளிவிடும். ஊசியால் கிண்டினால் புண்தான் மிச்சம். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

உண்ணியை எறியாமல் சிறு போத்தலில் மூடி வையுங்கள். நோய் தொற்றப் பொதுவாக 24 மணிநேரமாவது அது ஒட்டியிருக்கவேண்டும். அவ்வளவு நேரம் இருந்திருக்குமென்றால், எடுத்த 72 மணிநேரத்துக்குள் மருந்துக்கடைக்குப் போங்கள். ஒன்ராறியோவில் 2023 முதல் மருந்தாளரே தடுப்பு மருந்து எழுதலாம். பெரியவர்களுக்கு டொக்ஸிசைக்கிளின் 200 மில்லிகிராம், ஒரே தடவை.

அடுத்த 30 நாள் கடித்த இடத்தைப் பாருங்கள். 5 சென்ரிமீற்றரைத் தாண்டிப் பரவும் தோல் தடிப்புதான் அடையாளம். படங்களில் சிவப்பு வட்டமாகத் தெரிவது நம் நிறத்தில் கன்றிப்போனது போல மங்கலாக இருக்கலாம். காய்ச்சல், மூட்டு நோவு வந்தாலும் வைத்தியரிடம் உண்ணிக் கதையை முதலில் சொல்லுங்கள்.